இறங்குவதற்குக் கட்டம் இல்லை

அந்த டிக்டிக்கை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற இரும்பு டப்பா. கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் ஏறும். லெட்ஜரில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டு போனவள் என் பக்கத்து வீட்டுக்காரி. மூன்று வருஷமாக மீன்படியில் மீன் எண்ணுகிற வேலை அவளுக்கு. மீனுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறாள் என்று குவார்ட்டர்ஸில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டோம். முதலில் முறைத்தாள், பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

மீன்படி என்பது அணைக்கட்டின் ஓரமாகக் கீழ் ஆற்றிலிருந்து மேலே தேக்கம் வரைக்கும் ஏறுகிற சிமெண்ட் வாய்க்கால். படிப்படியாக நாற்பது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரம்பி அடுத்ததில் விழும், மீன் ஒவ்வொன்றாகத் தாவி மேலே போகும். அணை கட்டியதிலிருந்து முட்டையிட மேலே போக முடியாமல் தவித்த மீனுக்கு அது ஒன்றுதான் வழி. பத்தொன்பதாம் படியில் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடி பதித்து, அதற்கு வெளியே ஓர் அறை கட்டியிருந்தார்கள். டீச்சர் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தாண்டி மேலே போகிற மீனுக்கெல்லாம் ஒரு டிக் கொடுப்பாள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. கண்ணாடியை ஏன் பாதிப் படியில் வைத்தார்கள் என்று கேட்டால், ஜீப் போகிற பாதை அதுவரைக்கும்தான் என்பார்கள். கண்ணாடியைத் தாண்டினால் தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

அவள் புருஷன் மின்நிலையத்தில் இரண்டாம் மெஷினை ஓட்டுகிறவன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இரண்டாம் மெஷின் முழு வேகத்தில் ஓடினால் என் வீட்டுச் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அவன் மாலை ஷிப்டில் இருந்தால் என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டு, "தம்பி லோடு ஏத்திட்டான், விளக்கு போடலாம்" என்பாள்.

அந்த வருஷம் மின்நிலையத்துக்கு லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆற்றுக்குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மீன் ஏறுகிற இரண்டு மாதத்தில் இருநூறு மீனாவது படி ஏறிப் போயிருந்தால் மெஷின் வழக்கம்போல ஓடலாம். குறைந்தால் இனி அந்த இரண்டு மாதமும் இரண்டாம் மெஷினைப் பாதியில்தான் ஓட்ட வேண்டும், மிச்சத் தண்ணீர் ஆற்றுக்கு. பாதி மெஷினுக்கு முழு ஆள் எதற்கு? ஆட்களில் கடைசியாகச் சேர்ந்தவன், ஒப்பந்தத்தில் இருப்பவன், டீச்சர் புருஷன். அவன் வேலை போனால் வீடும் போகும். அவள் விரலில்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை.

ஆனால் எண் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் நூற்றிருபது. டீச்சர் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் உள்ளேயிருந்து எத்தனை என்று கேட்பான். அவள் சொல்வாள். தெரிந்தவர்கள் யாராவது பரீட்சை பாஸ் பண்ணியது போல எங்கள் வீட்டிலும் சந்தோஷப்படுவோம். மீன்களுக்கு அவள் வைத்த பெயர்களும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. அதில் காதறுந்தவள் என்று ஒருத்தி. செவுள் மூடியில் ஒரு பக்கம் பிறைபோலப் பிய்ந்துபோன பெரிய மீன். இன்றைக்கும் காதறுந்தவள் வந்தாள், நேற்றைக்கும் வந்தாள் என்று டீச்சர் சொல்வாள். உன் சக்களத்திக்கு என்மேல் என்ன இவ்வளவு ஆசை, தினம் தினம் என் மெஷினைப் பார்க்க வருகிறாளே என்று அவன் கிண்டல் செய்வான். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சிரிப்போம். தினம் ஏறி வருகிறவள் எப்போது இறங்கினாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் சரக்கு வரவும் போக்கும் எழுதியே தலை நரைத்தவன்.

அதைக் கேட்டவன் டீச்சரின் அண்ணன். அவன் அணைக்கு மேலே, தேக்கம் முடிந்து ஆறு மறுபடி ஆறாகிற இடத்தில் வலை போடுகிறவன். தங்கையைப் பார்க்க வருகிறபோது முன்பெல்லாம் கூடையில் மீன் கொண்டுவருவான். அந்தத் தடவை முட்டை வாங்கிக்கொண்டு வந்தான். மத்தியான இடைவேளையில் வெயில் தாங்காமல் இரண்டு வீட்டுக்காரர்களும் பின்வாசல் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"நீ ஏத்தி விட்ட மீனெல்லாம் எங்க புள்ள போச்சு?" என்றான் அண்ணன். "நூத்தம்பது, நூத்தறுபதுன்னு சொல்றியாம். என் வலைக்கு ஒண்ணு கூட வரல. சரி, பெருசு தப்பிக்கும்னு வை. ஓரத்துல குஞ்சாவது தெரியணுமில்ல? மூணு வருஷமா குஞ்சே இல்ல."

"உன் வலையில ஓட்டை," என்றான் மெஷின்காரன்.

"ஓட்டை இருக்கட்டும் மாப்ள. ஓட்டையில நுழையுற குஞ்சு எங்க?"

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், டீயில் ஆடை படிந்துவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் அறையைப் பூட்டவில்லை. புருஷனுக்கு மாலை ஷிப்ட். அவனுக்கான சோற்றுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் பிற்பாடு என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறேகாலுக்கு மேலே மெஷின் சத்தம் கூடியது. ஊரெல்லாம் ஸ்விட்ச் போடுகிற நேரம் அது. சற்று நேரத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் மெலிந்தது. மெஷின் இழுக்கிற இழுப்பில் தேக்கத்தின் மட்டம் இறங்கி, படியின் வாய் மேலே நின்றுவிட்டது. படியில் வந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாகிவிட்டது. பகலெல்லாம் கண்ணாடியைத் தாண்டிப் போய், மேலே இருக்கிற இருபத்தொரு தொட்டிகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மீன்கள் மிச்சத் தண்ணீரோடு வழுக்கி இறங்கின. வால் முதலில் வந்தது. தலை அப்போதும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்தவள் காதறுந்தவள். அன்றைக்குப் பகலில் டீச்சர் அவளுக்கு ஒரு டிக் கொடுத்திருந்தாள். மறுநாள் காலையில் இன்னொன்றும் கொடுப்பாள்.

அவர்கள் சண்டை போட்டு நாங்கள் அதுவரை கேட்டதில்லை. மறுநாள் மத்தியானம் அவள் சாப்பிட வந்தபோது கேட்டோம். சுவர் அப்படிப்பட்ட சுவர், நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

"மீன நான் தள்ளி விடலையே," என்றான் அவன். "போன் வருது, ஏத்துன்னு சொல்றாங்க, ஏத்தறேன். ஏத்தலன்னா ஆஸ்பத்திரியில லைட் அணையும்."

"நீங்க தள்ளினீங்கன்னு யார் சொன்னது? நான் எண்ணினது பொய்ங்கறேன்."

"வந்துச்சு, எண்ணின. இதுல என்ன பொய்?"

"எறங்கினத எண்ணலையே."

"எறங்கறதுக்கு அந்த ஃபாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? இல்லாத கட்டத்துல போய் எதுக்கு எழுதற?"

பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தணிந்து வந்தது. ரெண்டாம் மெஷின் பாதியானா மொதல்ல யாரை அனுப்புவாங்கன்னு தெரியுமா உனக்கு என்று கேட்டான். தெரியும் என்றாள். தெரிந்துமா என்றான். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஸ்டோர் கவுண்டரில் வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னொரு டிக்டிக் வேணும்."

"இருக்கறது கெட்டுப்போச்சா?"

"இல்ல. அது ஏறுறதுக்கு. இது எறங்கறதுக்கு."

எனக்குப் பின்னால் மூன்றாவது தட்டில், எண்ணெய்த்தாளில் சுற்றி, மூன்று டிக்டிக் இருந்தன. வாங்கி ஐந்து வருஷமாகியும் யாரும் கேட்காதவை. கொடுக்கக்கூடாது என்று எந்த அதிகாரியும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே பயந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. வவுச்சரில் என் கையெழுத்து இருக்கும், நாளைக்கு யாராவது எதற்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அவள் புருஷன் வேலைக்கும் நல்லதுதானே என்று இன்னொரு சமாதானமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கோழைத்தனத்துக்கு இப்படி ஒரு நல்ல காரணம் எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடைத்துவிடுகிறது.

"ஸ்டாக் இல்லம்மா," என்றேன். "இண்டெண்ட் போட்டா வர ரெண்டு மாசம் ஆகும்."

"சரிண்ணே," என்று போய்விட்டாள். சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழு வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் ஆறிலிருந்து எட்டு மணி வரை அவள் அந்த அறையிலேயே உட்கார்ந்தாள். தையல் சாமான் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துப் போயிருந்தாள். இறங்குகிற மீனுக்கு ஒரு சட்டைப் பட்டன். டப்பாவிலிருந்து எடுத்து ஒரு துணிப்பையில் போடுவாள். ஒருநாள் பட்டன் போதாமல் புருஷனுடைய பழைய சட்டைகளிலிருந்து வெட்டிக்கொண்டு போனாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளேயிருந்து எத்தனை என்று கேட்பதும் நின்றுபோயிற்று. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதை மட்டும் அவள் விடவில்லை. ஏழு மணிக்கு என் டம்ளர்கள் கிணுகிணுக்கும்போது, அவன் மேலே லோடு ஏற்றிக்கொண்டும் அவள் கீழே பட்டன் போட்டுக்கொண்டும் இருப்பார்கள் என்று நினைப்பேன்.

குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பேசியதெல்லாம் அவர்களில் ஒரு அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தவர். எங்கள் பக்கம் எஞ்சினியர், நான், டீச்சர். டிக்டிக் சரியாக வேலை செய்கிற கருவிதான் என்று லெட்ஜரைக் காட்டிச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சொன்னேன். வேலை செய்கிற இன்னும் மூன்று இருப்பதைச் சொல்லவில்லை.

எண் இருநூற்றுப் பதினாலு. எஞ்சினியர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி ஃபாரத்தை டீச்சர் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவை வாங்காமல் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். பட்டன்கள் உருண்டு சிதறின, இரண்டு தரையில் விழுந்தன. குனிந்து பொறுக்கி மேலே வைத்தாள்.

"கடைசிப் பன்னெண்டு நாள்ல ஏறினது நாப்பத்தொண்ணு," என்றாள். "எறங்கினது இது. முப்பத்தெட்டு. ஒரே மீனத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கேன்."

எஞ்சினியர் கெட்டவரில்லை. மாலை நேரத்தில் மின்சாரம் போதாமல் நான்கு பக்கமும் போனில் திட்டு வாங்குகிறவர். அவர் பட்டன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத எப்படிம்மா ரெக்கார்டுல ஏத்தறது?" என்றார். "நாலு கூடவா கொறைச்சலான்னு யாருக்குத் தெரியும்? கருவியில எண்ணியிருந்தா நானே மறுத்துப் பேச முடியாது."

"கருவி கேட்டேன் சார். ஸ்டாக் இல்ல."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் லெட்ஜரைப் புரட்டினேன். எதைத் தேடினேனோ, தெரியாது. குழுவிலிருந்து வந்த அம்மா தயங்கினார். கருவியில் எண்ணியிருந்தால் இப்போதே எழுதிக்கொண்டிருப்பேன், இதைப் பார்த்து ஒரு மெஷினை நிறுத்தச் சொன்னால் மேலே என்னைக் கேட்பார்கள் என்றார். பிறகு, சாயங்காலம் தேக்கத்தின் மட்டம் இறங்குகிறதா என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எஞ்சினியர் லாக் புக்கை வரவழைத்தார். அதில் ஆறு, எட்டு, பத்து என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே எண். மட்டம் இறங்கவே இல்லை. வெளியே டூட்டி மாற வந்து நின்ற டீச்சர் புருஷனை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்த லாக் புக்கின் சங்கதி எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு மணிக்கு ஒருமுறை மட்டக்கோலைப் பார்ப்பார்கள். அதன் பிறகு மெஷினை விட்டு நகர முடியாது. எட்டு மணிக் கட்டத்திலும் பத்து மணிக் கட்டத்திலும் ஆறு மணி எண்ணையே இழுத்து எழுதிவிடுவார்கள். இருபது வருஷமாக எல்லா ஷிப்டிலும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நின்றவன் ஒருவன்தான், மேசையில் விரித்து வைத்த பக்கத்தில் இருந்த கையெழுத்தும் அவனுடையதுதான்.

அவன் பட்டன்களைப் பார்த்தான். அதில் அவனுடைய நீலச் சட்டையின் பட்டன்களும் இருந்தன. மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எறங்கும்," என்றான். "லோடு ஏத்தினா ஒரு சாண் எறங்கும். படிக்குத் தண்ணி போகாது."

"லாக் புக்குல எறங்கலையேப்பா," என்றார் எஞ்சினியர். அவனுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

"பார்க்காம எழுதினது சார். அது என் கையெழுத்துதான்."

டீச்சர் அழுதாள். அந்த அறையில் அவள் பேசும்போதுகூடக் குரல் நடுங்கவில்லை, இப்போதுதான் அழுதாள்.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். மீன் ஏறுகிற மாதங்களில் இரண்டாம் மெஷின் பாதிக்கு மேல் கூடாது, தேக்கம் படியின் வாய்க்குக் கீழே இறங்கக்கூடாது, மீன் வரத்து ஓய்வதற்குள் திரும்பவும் எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவால் மட்டும் அவன் வேலை போயிருக்காது. ஒப்பந்தம் தீரும்வரை ஒன்றாம் மெஷினுக்கோ பட்டறைக்கோ மாற்றியிருக்கலாம், எஞ்சினியரே அப்படித்தான் நினைத்திருந்தாராம். பார்க்காமல் லாக் புக் எழுதியதாக அவனே ஒப்புக்கொண்ட பிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்து நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். டீச்சர் தன் வேலையை அவளாகவே விட்டாள்.

வண்டியில் சாமான் ஏற்ற நானும் கை கொடுத்தேன். மெல்லிய தூறல் இருந்தது. குவார்ட்டர்ஸில் நிறையப் பேர் வாசலுக்கு வரவில்லை. ஊரில் இப்போது மாலையில் அரைமணி, ஒருமணி என்று கரண்ட் போகிறது. டீச்சர் புண்ணியத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பேச்சும் கிளம்பியிருந்தது. அவள் டிக்டிக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது அவன் என் தோளைப் பிடித்து, காதறுந்தவளை மட்டும் கொஞ்சம் பாருங்கண்ணே என்றான்.

புது ஆள் வரும்வரை எண்ணுகிற வேலையை எஞ்சினியர் என் தலையில் கட்டினார். கட்டாவிட்டாலும் போயிருப்பேன். ஆறு நாள், காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. சாயங்காலம் டம்ளர்கள் சத்தம் போடாமல் என் மனைவிக்குத்தான் ஏதோ போல இருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் மட்டும் மெலியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் காதறுந்தவள் வந்தாள். அவசரமே இல்லாமல் ஒரு நிமிஷம் கண்ணாடியோரம் நின்று, பிறகு தாவிப் போனாள். அன்றும் இறங்கவில்லை, அதன் பிறகும் இறங்கவில்லை. தேக்கத்துக்குள் போனாளா, வேறு என்ன ஆனாளோ, எனக்குத் தெரியாது. எண்ணுகிறவனுக்குத் தெரிந்தது கண்ணாடியில் பார்த்தது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். அவனுக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. கரண்ட் போகிற நேரமாக இருக்க வேண்டும், பின்னால் அது ஓடுகிற சத்தம் கேட்டது.

"எறங்கினாளா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"ஏறினா. எறங்கல."

அவன் போனை அவளிடம் கொடுத்தான்.

"மொத்தம் எத்தனைண்ணே?"

"ஏறினது இருபத்தாறு. எறங்கினது நாலு."

"நாலுதானா?" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மாதக்கணக்கில் கேட்டதில்லை. "நல்லா எண்ணினீங்களா? ஒரு கையில டிக்டிக்க வெச்சுட்டு இன்னொரு கையில பட்டன் எடுக்கறப்ப ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். எனக்கே போயிருக்கு."

"விட்டுப்போகலம்மா. ரெண்டு கையிலயும் டிக்டிக்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுதான் புதுசாக வந்தது என்று சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அவளும் அவசரப்படவில்லை.

"நான் குடுத்தது ஒண்ணு," என்றாள். "இன்னொண்ணு?"

"மூணாவது தட்டுல இருந்துச்சும்மா," என்றேன். "நீ வந்து கேட்ட அன்னிக்கும் இருந்துச்சு. மூணு."